அக்கா முகத்தில் குத்திய முத்திரை

இலங்கையில் ரூபாய் வெறும் காகிதமாகிப்போன அந்த வருடத்தில் எனக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகும் ரோட்டில் ஒரு மாடி அறை. அங்கே உட்கார்ந்து, வாட்ஸப்பில் சுற்றும் படங்கள் நிஜமா புளுகா என்று பார்த்து எழுதுவதுதான் என் பிழைப்பு. சென்னையிலிருந்து நடக்கும் சின்ன இணையதளம். ஆசிரியரோடு எல்லாமே போனில்தான். பெட்ரோலுக்கு நிற்கும் வரிசை, பால் பவுடருக்கு அடிதடி என்று கடல் தாண்டி நிஜமாகவே வந்த படங்கள் போதாதென்று, நம் ஆட்கள் எந்த ஊரில் எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் ‘இலங்கையின் இன்றைய நிலை’ என்று எழுதித் தட்டிவிட்டார்கள். தேர்த் திருவிழாக் கூட்டத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, பாவிகள்.

ஒருநாள் காலையில் வந்த படத்தைப் பார்த்து டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு சுவரோரம் நீளமாகப் பெண்கள் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவள் வெயிலுக்கு மஞ்சப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நேராகப் பார்க்கிறாள். உதடு காய்ந்திருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் ‘பட்டினியில் வாடும் இலங்கைத் தாய். நாளை நமக்கும் இதே கதிதான். பகிருங்கள்’ என்று போட்டிருந்தது. அந்தத் தாய் என் கூடப் பிறந்த அக்கா. கடலூர் முதுநகரில் இருக்கிறாள். வேளாங்கண்ணியைத் தாண்டி எங்கேயும் போனவள் இல்லை.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். “ஐயய்யோ, என்னை எதுக்குடா கப்பல் ஏத்துறாங்க?” என்று சிரித்தாள். சிரிப்பின் நடுவில் மூச்சு வாங்கியது. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இதய வால்வில் கோளாறு. வெயிலில் நிற்காதே, பாரம் தூக்காதே என்று டாக்டர் எழுதாத குறையாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் அவள் நின்றுதான் ஆகவேண்டும். அவள் தெரு முனையில் இருந்த ரேஷன் கடையின் கூரை மழையில் பெயர்ந்து விழுந்தது. கடையை மூடி, கார்டுகளையெல்லாம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கடையோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டு கடைக் கூட்டம் ஒரே கடையில். அதில் அந்தக் கைரேகை மெஷின் வேறு. அக்கா பல வருடம் இறால் உரித்தவள். அவள் கட்டை விரல் தேய்ந்து வழவழவென்று இருக்கும், மெஷின் எடுக்காது. “நாளைக்கு வாம்மா” என்பார்கள். அவள் நாளைக்கும் போய் நிற்பாள். அவள் புருஷன், என் மாமா, போய் ரேகை வைக்கலாமே என்று கேட்கலாம். டீசல் விற்ற விலையில் துறைமுகத்தில் பாதிப் படகுகள் கட்டிக்கிடந்தன. மாமா மங்களூரில் படகேறப் போயிருந்தார். நம்மூரில் இதற்கெல்லாம் நெருக்கடி என்று யாரும் பெயர் வைப்பதில்லை.

அக்கா தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மனு எழுதினாள். பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது எங்கள் பக்கமே பகுதிநேரக் கடை வையுங்கள், அவ்வளவுதான். மனுவோடு வைக்க, பக்கத்து வீட்டுக்காரம்மா தன் போனில் அந்த வரிசையைப் படம் எடுத்தார். அதை அப்படியே அன்பியத்தின் வாட்ஸப் குழுவிலும் போட்டார். அன்பியம் என்பது எங்கள் சர்ச்சுப் பங்கில் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற கூட்டம். ஜெபிக்கிற கூட்டத்திலிருந்து படம் எப்படியோ வெளியே போய், யாரோ ஒரு புண்ணியவான் கையில் இலங்கையாகிவிட்டது.

நான் எழுதினேன். என் வேலையிலேயே சுலபமான வேலை அதுதான். மஞ்சப்பையில் கடலூர் ஜவுளிக்கடை ஒன்றின் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். சுவரில் தமிழ்நாட்டு ரேஷன் கடையின் அறிவிப்பு. படம் எடுத்தவரிடமே பேசி மூலப் படத்தையும் வாங்கிப் போட்டேன். கடைசிப் பத்தியில், இந்த வரிசை நிஜம், முதுநகரில் ஒரு கடை மூடப்பட்டதால் நிற்கும் வரிசை, பெண்கள் பகுதிநேரக் கடை கேட்டு மனு கொடுக்கவிருக்கிறார்கள் என்று தெளிவாக எழுதினேன். இன்றைக்குப் படித்தாலும் அதில் ஒரு எழுத்து தப்பில்லை.

எங்கள் தளத்தில் ஒரு பழக்கம் உண்டு. சரிபார்த்த படத்தின் மேலேயே குறுக்காகச் சிவப்பு முத்திரை குத்துவார்கள். உண்மை, பொய், திரிப்பு, இந்த மூன்றில் ஒன்று. கட்டுரையை யார் படிக்கிறார்கள்? முத்திரை குத்திய படம்தான் ஊரெல்லாம் ஓடும். அக்காவின் படமும் ஓடியது. இலங்கைத் தாய் ஓடியதைவிட வேகமாக ஓடியது. அவள் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் சாய்வாக, ரத்தச் சிவப்பில், பொய்.

மனு கொடுக்கப் போன அன்று மத்தியானம் அக்கா போன் செய்தாள். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மட்டும் என்ன கிழிந்துவிடப் போகிறது? மனுவை வாங்கிய அதிகாரி படத்தைப் பார்த்திருக்கிறார். பிறகு தன் போனை எடுத்துத் தேடிக் காட்டியிருக்கிறார். “இந்த போட்டோவ பொய்னு எப்பவோ போட்டுட்டாங்கம்மா. எங்கேருந்து எடுத்தீங்க?” என்று கேட்டிருக்கிறார். கூடப் போன பெண்கள் எல்லாம் அக்காவைப் பார்த்திருக்கிறார்கள்.

“அந்த போட்டோல இருக்கறது நான்தான் சார்னு சொல்றேன்டா. என் மூஞ்சியப் பாக்குறாரு, போனப் பாக்குறாரு. போனத்தான் நம்புறாரு,” என்றாள். பிறகு, “டேய் தம்பி, நான் பொய்யாடா?” என்று கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறினேன். அதிகாரி நல்லவிதமாகத்தான் உட்காரச் சொன்னார். கடைசிப் பத்தியை அடிக்கோடு போட்டு நீட்டினேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “சார், நீங்களே பொய்னு போடுறீங்க, நீங்களே நெசம்னு வந்து நிக்கிறீங்க. நாங்க எத எடுத்துக்கறது?” என்றார். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள்.

“படத்து மேல எழுதுனதுதான் சார் பொய். படம் பொய்யில்ல.”

“அத அதுலயே போட்டிருக்கலாம்ல?”

அந்த ஆள் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். கிளம்பும்போது, “பழைய கடையில ரிப்பேர் வேலை நடந்துட்டிருக்கு. சீக்கிரம் தொறந்துருவோம். மனுவுக்கும் அப்படித்தான் பதில் போடப்போறோம்,” என்றார்.

அங்கிருந்து நேராக அந்தக் கடைக்குப் போனேன். பூட்டு துருப்பிடித்திருந்தது. கதவு ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே தரையில் எருக்கஞ்செடி முளைத்திருக்கிறது. ஒரு மூட்டை சிமெண்ட் இல்லை, ஒரு செங்கல் இல்லை. எல்லாவற்றையும் படம் எடுத்தேன். அங்கேயே நின்று ஆசிரியரைக் கூப்பிட்டேன். ‘பழுதுபார்ப்பு நடக்கிறது’ என்று அதிகாரி சொல்கிறார், அது பொய், இதைச் சரிபார்த்துப் போடுவோம் என்றேன்.

“நல்ல மேட்டர்தான் தம்பி. ஆனா இது வைரல் ஆகலையே,” என்றார் ஆசிரியர். “சுத்துற பொய்யத்தான நாம செக் பண்றோம். அவர் உங்ககிட்ட நேர்ல சொன்னத எப்படி எடுக்கறது?”

“அப்ப நாலு பேருக்கு அனுப்பாம நேர்ல சொன்னா, பொய் சொல்லலாமா சார்?”

“கோவப்படாதீங்க. முத்திரைய இனிமே எழுத்து மேல மட்டும் குத்தச் சொல்றேன். அக்கா படத்தையும் மாத்தித் தரேன்.”

சொன்னபடியே மாற்றினார். மாற்றிய படத்தோடு ஒரு விளக்கமும் போட்டார்கள். அதை எங்கள் அன்பியக் குழுவில்கூட யாரும் பகிரவில்லை. பழைய படம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் என் சிநேகிதன் எனக்கே அனுப்பி, “பாத்தியா, எப்பிடியெல்லாம் ஏமாத்துறானுங்க” என்று எழுதியிருந்தான்.

அக்காவின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. பழுதுபார்ப்புப் பணி நடைபெற்று வருவதால் தங்கள் மனு முடித்துவைக்கப்பட்டது. “முடிச்சிட்டாங்களாம்டா,” என்றாள் என்னிடம். மேல்முறையீடு செய்யலாம் என்றேன், தகவல் உரிமையில் கேட்கலாம் என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுதுவதுதானே. “கேளு கேளு. அதுக்குள்ள இந்த மாச அரிசி போயிரும், நான் போய் நிக்கிறேன்,” என்றாள். நீ போகாதே, நான் வாங்கி அனுப்புகிறேன் என்று கத்தினேன். “ஏன்டா, எம்பேர்ல இருக்கற அரிசிய நான் ஏன் விடணும்? ஒருவாட்டி வாங்கலன்னா அந்தம்மா வர்றதே இல்லன்னு எழுதிருவானுங்க. அப்பறம் அதுவும் பொய்யாயிரும்,” என்றாள்.

அவள் நின்றாள். அன்று வெயில் ஜாஸ்தி. வரிசையில் முன்னால் வந்து மெஷினில் விரலை வைத்திருக்கிறாள், எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வை என்றிருக்கிறார்கள். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் போய்விட்டது என்று பக்கத்து வீட்டுக்காரம்மா என்னிடம் சொன்னார். “தம்பி, கீழ உழும்போதும் அந்தப் பைய உடல,” என்று சொல்லிவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதார். என் அக்காவைக் கொன்றது வால்வு என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். அதையும் நான் மறுக்க முடியாது.

நான் சிதம்பரத்திலிருந்து போய்ச் சேர்வதற்குள் தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார்கள். அக்காவுக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது; வீட்டில் கல்யாணப் படம் மட்டும்தான். சாவு வீட்டு அவசரத்தில் என்னை யார் கேட்பார்கள்? பேனர் கடைக்காரர் நெட்டில் தேடி, கிடைத்ததை எடுத்திருக்கிறார். முகத்தை மட்டும் வெட்டி, பின்னால் மேகமும் புறாவும் போட்டு, தலையில் இருந்த மஞ்சப்பையை எடுத்துவிட்டு முடி வரைந்திருந்தார். முத்திரையையும் முடிந்தவரை அழித்திருக்கிறார், பாவம். நெற்றியில் போய்விட்டது, கன்னத்தில் போய்விட்டது. தாடையோரம் மட்டும் ஒரு சிவப்புச் சுழி நின்றுவிட்டது. அது எந்த எழுத்தின் வால் என்று எனக்குத் தெரியும்.

மாமா அடக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் மங்களூரிலிருந்து வந்து சேர்ந்தார். கோயில் மணி அடித்து, கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது பேனர் முன்னால் நின்றுவிட்டார். மாமாவிடம் சாதா போன்தான். அக்கா இலங்கைக்குப் போனது, பொய்யானது எதுவும் அவருக்குத் தெரியாது. அக்காவும் சொல்லியிருக்கமாட்டாள்.

“நல்லா எடுத்திருக்காங்க,” என்றார். பிறகு கிட்டே போய், “இது என்ன மச்சான், தாடையில? அடிகிடி பட்டுதா உழும்போது?”

எத்தனை ஊர்ப் பொய்யைப் பிரித்துப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது இதுதான்.

“இல்ல மாமா. பிரிண்ட் கோளாறு.”

தலையை ஆட்டினார். தோளில் கிடந்த துண்டின் நுனியை எச்சிலில் நனைத்து, எட்டி, அவள் தாடையைத் துடைத்தார். இரண்டு தரம் துடைத்துப் பார்த்தார்.

“போவல மச்சான்,” என்றார்.