தையல் விழாத நெற்றி

என் அத்தான் பஞ்சநதம், அக்கா பிரகதாம்பாளின் வீட்டுக்காரர், குடவாசல் பக்கம் ஒன்றரை ஏக்கர்க்காரர். அடுத்த வயல் பங்காளி இராஜாங்கத்தினுடையது. நடவுக்கு முன்னால் நடுவரப்பை வெட்டும்போது ஆளுக்குக் கொஞ்சம் அடுத்தவன் பக்கம் தள்ளிவைப்பார்கள். அரசாங்கம் இலவச டிவி கொடுத்த வருஷம் அது கைகலப்பாகிவிட்டது. இருந்தது ஒரு மண்வெட்டி, பிடித்து இழுத்தது இரண்டு பேர். அத்தான் நெற்றியைக் கீறி, இராஜாங்கம் முழங்காலையும் பிளந்துவிட்டுத்தான் ஓய்ந்தது. கிடைத்ததும் ஒரே ஆட்டோ. இரண்டு மடையர்களும் அதில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் முன்னால், டிரைவரோடு.

டாக்டரம்மா இராஜாங்கம் முழங்காலில் ஐந்து தையல் போட்டார். அத்தான் நெற்றியில் ஏதோ பசையைத் தடவி, முடிந்தது என்றார். அத்தான் முகம் செத்துவிட்டது. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் அடிதடி என்றால் முதல் கேள்வியே எத்தனை தையல் என்பதுதான். கூடுதலாகத் தையல் விழுந்தவன் பக்கம்தான் நியாயம். யார் வைத்த சட்டமோ, நாசமாய்ப் போக. தையல் இல்லையென்றால் வரப்பு போச்சு.

"எனக்கும் அஞ்சு போட்டுடுங்கம்மா," என்றார் அத்தான். "ஆறு போட்டாலும் சரி."

"சின்ன வெட்டுங்க. ரெண்டு ஓரமும் தானா சேந்து நிக்குது, பசையே போதும். பிரிக்கவும் வரவேண்டாம். முழங்கால் மடங்குற இடம், தோல் இழுக்கும். அங்க தையல்தான் தாங்கும்."

தழும்புகூடப் பெரிதாகத் தெரியாது என்று ஆறுதல் வேறு சொன்னார். எண்ணெய் மட்டும் படக்கூடாது, பட்டால் பசை விட்டுப்போகும் என்றார்.

அது போதாதா இவருக்கு? சனிக்கிழமை வந்ததும் நல்லெண்ணெயை எடுத்து, அக்கா திட்டத் திட்ட, நெற்றியில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தார். பசை உரிந்து வந்தது. அடியில் வெட்டு அழகாகக் கூடியிருந்தது. மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பஞ்சாயத்தில் இராஜாங்கம் வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினான். சனம் உச்சுக்கொட்டியது. அத்தான் நெற்றியைக் காட்டினார். எங்கேப்பா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார்கள். வரப்பை ஒரு முழம் அத்தான் பக்கம் தள்ளிவைக்கச் சொல்லித் தீர்ப்பாயிற்று.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் மறுநாளே வெட்டியாக வேண்டும். இராஜாங்கமோ தையல் பிரிக்கும்வரை சேற்றில் இறங்கக்கூடாது. பஞ்சாயத்துத் தலைவர் அத்தான் பக்கம் திரும்பினார்.

"உனக்குத்தான் ஒண்ணுமில்லையே பஞ்சநதம், நீயே வெட்டிக் குடுத்துடு."

வெட்டினார். தன் நிலத்துக்குள்ளேயே, தன் கையாலேயே. இராஜாங்கம் கரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே போங்கண்ணே என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.