நாலாம் பலகை

உருத்திரபுரத்து ராஜரத்தினம் முப்பது வருசமாய் உளி பிடிக்கிறவர். சுற்றுவட்டாரத்தில் கோயில் கதவென்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். அப்படிப்பட்ட மனுசனுக்கு, சாய்ந்து உட்காரும் ஒரு பழைய மரவாங்கைக் கண்ட நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

வாங்கு, பரந்தனில் இரும்புக்கடை வைத்திருக்கும் சகாப்தீன் நானாவுடையது. அவருடைய ஊர்ப் பள்ளிவாசலை இடித்துக் கட்டியபோது மிஞ்சிய நிலைகளையும் யன்னல் பலகைகளையும் கொண்டு எந்தக் காலத்திலோ தச்சுவேலை செய்த ஒரு ஓடாவி செய்தது. சாய்மானத்தில் ஐந்து பலகை. கொடிக்குள் கொடி, நட்சத்திரத்துக்குள் நட்சத்திரம். நாலாவதைக் கறையான் தின்றுவிட்டது.

“மற்றதுகளைப் போலவே ஒண்டு செய்து தாங்கோ அண்ணை,” என்றார் நானா. “அந்த ஓடாவியின்ர கை இனி ஒருத்தருக்கும் வராதுதான். எண்டாலும் பாருங்கோ.”

பெயரும் தெரியாத அந்த மனுசன்மேல் ராஜரத்தினத்துக்கு வயிறு எரிந்தது. கொடி எங்கே தொடங்குகிறது என்று விரலால் தேடினார், அகப்படவில்லை. எரிச்சல் இன்னும் கூடியது.

வீட்டில் கிடந்த பழைய முதிரைப் பலகையை எடுத்து, முருகனைக் கும்பிட்டு, இரண்டு மயில் செதுக்கினார்.

“அவர் கேட்டது கொடியெல்லோ?” என்றாள் மனைவி ஜெயரூபி.

“கொடி ஆரும் வெட்டுவான். இதைப் பாக்கட்டும்!”

நானா பார்த்தார். கனநேரம் பார்த்தார். “அருமையான வேலை அண்ணை. ஆனால் இந்த வாங்கில இருந்துகொண்டுதான் நான் குர்ஆன் ஓதுறது. உசிருள்ள உருவம் எங்களுக்குக் கூடாது. கோவிக்காதேங்கோ.”

மயில் வீட்டுக்குத் திரும்பியது. ராஜரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு வேறொரு பழைய பலகை எடுத்தார். அளவு பார்க்க மூன்றாம் பலகையைக் கழற்றியபோதுதான் கண்டார்: கொடியின் வேர் சட்டத்துக்குள் மறைந்திருந்தது.

“படுகள்ளன்!” என்றார்.

மூன்று கிழமை அந்தக் கள்ளனின் வெட்டைப் பார்த்துப் பார்த்தே வெட்டினார்.

வாங்கில் பலகையைப் பூட்டிய அன்று நானாவிடம் அப்புத்துரை வாத்தியார் வந்திருந்தார். குனிந்து, சரியாக நாலாம் பலகையைத் தடவினார். “இதெல்லே வேலை! இப்ப இருக்கிறவங்களுக்கு இது வருமே?”

“அது நான் வெட்டினது, வாத்தியார்!”

“நல்ல பகிடி தம்பி,” என்று வாத்தியார் சிரித்தார்.

ராஜரத்தினம் நானாவைப் பார்த்தார். நானா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அண்ணை, நாலாவதை எந்தப் பக்கத்தால எண்ணிறது?”

ராஜரத்தினம் போய் நாலாம் பலகையில் முதுகை நன்றாகச் சாய்த்து இருந்தார். தேத்தண்ணி வந்தும் எழும்பவில்லை.