போணிக்குக் கேட்ட வலது கை

ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டை ஒட்டிய எங்கள் லேஅவுட்டில் பேக்கரி திறந்தாலும் சரி, பேட்டரிக் கடை திறந்தாலும் சரி, சடங்கு ஒன்றுதான். வாசலில் வாழைமரம், ஷட்டருக்குச் சந்தனம் குங்குமம், ஒரு பூசணிக்காய், அப்புறம் கைராசிக்காரர் யாரையாவது வைத்து முதல் போணி. எங்கள் வீட்டுக்கு எதிரில் ரத்தப் பரிசோதனை லேப் திறந்தபோது அதற்கும் போணி வேண்டும் என்று அதன் முதலாளி நினைத்ததில் தப்பில்லை. பேக்கரிக்குப் போணி என்றால் ஒரு பன் வாங்கினால் தீர்ந்தது. லேப்புக்குப் போணி என்றால் யாராவது ரத்தம் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டார்கள்.

கேட்டது முதலாளியின் அம்மா. தெலுங்குக்காரம்மா, தமிழும் நன்றாகப் பேசுவார். வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பூவும் பொட்டுமா இருக்கீங்க. வீட்டுக்காரரு இருக்காரு, மகன், மருமக, பேத்தின்னு எல்லாம் இருக்குது. இந்தத் தெருவுல உங்களாட்டம் நெறஞ்ச மனுஷி யாரு இருக்காங்க, சொல்லுங்க? நீங்கதான் மொதல்ல கை நீட்டணும்."

நிறைந்த மனுஷி என்றதும் எனக்கு முந்தானையை இழுத்து விட்டுக்கொள்ளத்தான் தோன்றியது. சில வருடங்களுக்கு முன் பெங்களூர் ஆஸ்பத்திரியில் என் வலது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய்க் கட்டி. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். தெருவுக்கு நாங்கள் சொன்னது கர்ப்பப்பை ஆபரேஷன் என்று. கர்ப்பப்பையை எடுத்ததைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூடச் சொல்லலாம். அவளும் தன்னுடையதை எடுத்த கதையைச் சொல்வாள், கிருஷ்ணகிரி வந்துவிடும். மார்பு என்பதை மட்டும் வாயில் வைக்க முடியாது. எங்கள் வீட்டுக்காரர் டாக்டரிடமே, "இவளுக்கு அந்த எடத்துல ஒரு கட்டி" என்றுதான் சொன்னார். எந்த இடம் என்று டாக்டர் கேட்டார். இவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "அதான் சார், அந்த எடம்" என்றார்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது நர்ஸம்மா என் வலது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்தக் கையில இனிமே ஊசி போட உடாதீங்க, ரத்தம் எடுக்க உடாதீங்க, பி.பி. பட்டை கட்ட உடாதீங்க. நெறிக்கட்டி எடுத்த பக்கம், நீர் கோத்துகினா லேசுல எறங்காது. எங்கே போனாலும் நீங்களேதான் வாயத் தொறந்து சொல்லணும்." நான் தலையாட்டினேன். வாய் திறந்து சொல்வதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

அதே ஆஸ்பத்திரியில், மறுபடி காட்டப் போன நாள் ஒன்றில், பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருடைய கை தோளிலிருந்து விரல்வரை பஞ்சு திணித்த தலையணைபோல இருந்தது. வளையலை வெட்டித்தான் எடுத்தார்களாம். அந்தக் கையை மடியில் வேறு யாருடைய குழந்தையையோ வைத்திருப்பதுபோல வைத்துக்கொண்டு, இடது கையில் ஸ்பூன் பிடித்து உப்புமா தின்றார். நான் என் வலது கையைப் பார்த்துக்கொண்டேன். என் பழைய உடம்பில் எனக்கு முழுசாக மிஞ்சியது அந்தக் கைதான் என்று அன்றைக்குத் தோன்றியது. சோறு பிசைய, பேத்திக்குத் தலை வார, மாவு தேய்க்க எல்லாம் அதுதான்.

அதனால் போணிக்குச் சம்மதித்தபோதே மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். பேசாமல் இடது கையை நீட்டிவிடுவது. யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

திறப்பு விழாவன்று மருமகள் கம்பெனி பஸ்ஸில் காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். மகனும் வேலைக்கு. நானும் எங்கள் வீட்டுக்காரரும்தான் போனோம். ராகுகாலம் வருவதற்குள் ரத்தம் எடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. முதலாளியும் தன் பங்குக்கு, "வெறும் வயித்துல வாங்கம்மா, சுகர் பாக்கணும்" என்று சொல்லியிருந்தார். வெறும் வயிற்றோடு போனவளுக்கு அவருடைய அம்மா ஒரு கிண்ணம் கேசரி கொடுத்தார்.

"சாப்பிடக் கூடாதுன்னாரேம்மா" என்றேன்.

"இது சாப்பாடா? பிரசாதம். சாமி குடுத்தது கணக்குல வராது."

தின்றேன். முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள்.

ரத்தம் எடுக்க அத்திப்பள்ளி பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். படித்து முடித்த புதிது. கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசினாள். முன்னால் தட்டில் பஞ்சு, ஊசி, ரத்தம் பிடிக்கும் குழாய்கள். குழாய்களுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. அவற்றில் பெயர் ஒட்டும் இடத்தில் முதலாளியின் அம்மா மஞ்சளைக் குழைத்துத் தன் கையாலேயே எழுதியிருந்தார்: லாபம், ரெண்டு, மூணு. நெல் அளந்தாலும் தேங்காய் எண்ணினாலும் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவார்கள் அல்லவா, அந்தக் கணக்கு. ஆக, என் ரத்தத்துக்குப் பெயர் லாபம்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் இடது கையை நீட்டினேன்.

"ஐயய்யோ!" என்றார் முதலாளியின் அம்மா. "இடது கையா? மொதப் போணிக்கா? குடி செய்யி இவ்வம்மா, குடி செய்யி!" பதற்றத்தில் தெலுங்கே வந்துவிட்டது. வலது கை கொடு என்கிறார்.

"இடது கையே இருக்கட்டும்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முதலாளி குனிந்தார். "அம்மா, போட்டோ வேற எடுக்கறாங்க. போர்டுல போடணும். வலது கைதான் பாக்க நல்லா இருக்கும்."

டீக்கடைக்காரர் வாசலிலிருந்து, "ஏம்ப்பா, ரெண்டு கையிலயும் ஒரே ரத்தம்தானே ஓடுது?" என்றார். எனக்கு உயிர் வந்தது. "அப்ப வலது கையே குடுத்துட வேண்டியதுதானேக்கா" என்று அவரே முடித்தார். வந்த உயிர் போனது.

எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். முன்வரிசையில் உட்கார வைத்து அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இவர் பொன்னாடையின் ஜரிகையைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.

யாரோ என் இடது கையை மடக்கி மடியில் வைத்தார்கள். யாரோ வலது கையை எடுத்துத் தலையணைமேல் நீட்டி வைத்தார்கள். வலது கையே கொடுத்தாகிவிட்டதாகக் கைதட்டல்கூட வந்தது. அந்தப் பெண் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைச் சுற்றி இழுத்துக் கட்டினாள்.

சரியாக அப்போது வட்டாரப் பிரமுகர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். முதலாளி அந்தப் பெண்ணிடம் கையைக் காட்டி, "இரும்மா, ஐயா ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார்.

"சார், பட்டை கட்டிட்டு ஒரு நிமிஷம்கூட உடக் கூடாது சார். ரத்தம் தேங்கிகிட்டா ரிப்போர்ட்டே தப்பா வரும்."

"ரெண்டு வார்த்தைதான்மா."

அவள் பட்டையில் கை வைத்தாள். முதலாளி முறைத்தார். கையை எடுத்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பாவம்.

எங்கள் பக்கம் மைக்கைப் பிடித்தவர் பேசும் இரண்டு வார்த்தை எவ்வளவு நீளம் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் தொழிற்பேட்டை வளர்ந்த கதையில் தொடங்கினார். மேம்பாலத்துக்கு வந்தார். பிறகு என்னைக் கவனித்துவிட்டார். "இதோ, இந்தத் தாய்! தன் உடம்பில் ஓடும் குருதியை இந்த மண்ணுக்காகத் தருகிறாரே, இந்தத் தியாகம்..." என்றார். ரத்த தான முகாம் என்று நினைத்துவிட்டார்போல. ஒரு ஸ்பூன் ரத்தம் எடுத்து இலவசமாக சுகர் பார்க்கப் போகிறார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கூட்டம் தட்டியது. நானும் தட்டியிருப்பேன், ஒரு கை கட்டிக் கிடந்தது.

அந்தக் கை சிவந்து, பிறகு கருஞ்சிவப்பானது. விரல் நுனியில் துடிப்பு தெரிந்தது. தியாகம் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் பெஞ்சு அம்மாளின் கைதான் கண்ணுக்குள் நின்றது. என் கண்ணாடி வளையல் இறுக ஆரம்பித்துவிட்டதா, அல்லது பயத்தில் எனக்கு அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கைதட்டலின்போதும் நினைத்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் எல்லோருக்கும் கேட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் வாய் என்பது வெட்கப்பட்டே பழகிவிட்ட உறுப்பு.

ஒருவழியாகப் பேசி முடித்தார். மைக்கை அணைக்காமல் பஞ்சுத் தட்டுப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்தப் பெண் மருந்துப் பஞ்சால் என் முழங்கை மடிப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் முதலாளியின் அம்மா ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். அவள் "பேடா அம்மா, வேணாம்" என்று மறுபடி துடைத்தாள். துடைத்தது காயட்டும் என்று காத்திருந்தாள். "ராகுகாலம் வரப்போகுது, ஊதி உடும்மா" என்றார் முதலாளி. அவள் ஊதவில்லை. ஊசியின் மூடியைக் கழற்றினாள்.

நான் அவள் காதோரம் குனிந்தேன். மிகவும் மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்:

"கண்ணு, எனக்கு வலப்பக்கத்து மாரு இல்ல. எடுத்துட்டாங்க. இந்தக் கையில குத்தக் கூடாது. பட்டையைக் கழட்டிடு."

நான் சொன்னது விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் கேட்டது. டீக்கடைக்கும் கேட்டது, மாவு மில்லுக்கும் கேட்டது. பட்டையைக் கழட்டிடு என்பது எதிர்க் கட்டடத்தில் பட்டு இன்னொரு முறையும் வந்தது.

அந்தப் பெண் சட்டென்று பட்டையை உருவிவிட்டாள். "அம்மா, மொதல்லயே ஹேளபேக்கல்வா, சொல்லணும் இல்லையா? நானும் உங்களைக் கேக்கவே இல்லையே. கேட்டிருக்கணும், கேட்டிருக்கணும்" என்று கண் கலங்கிவிட்டாள். கையை மேலே தூக்கிப் பிடித்து விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னாள். கருஞ்சிவப்பு மெல்ல இறங்கியது. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

காதில் மட்டும் விழுந்தது. கூட்டத்தில் ஒரு அம்மாள், "கர்ப்பப்பைன்னுதானே சொன்னாங்க?" என்றார். குரலில் நிஜமான வருத்தம். அந்த ஆபரேஷனுக்கு அவர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருந்தார். தப்பான உறுப்புக்கு வாங்கியதாக ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் பொன்னாடையைத் தலைவரை போர்த்திக்கொண்டார். பிரமுகருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. தியாகம்தான் என்று தலையசைத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி அம்மாவைப் பார்த்தார். அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். வேறொரு நிறைந்த மனுஷியைத் தேட நேரமில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "இடது கையே நீட்டுங்க. வலது கையால முழங்கையத் தொட்டுகினு குடுங்க. அது மரியாதையில சேர்த்திதான்" என்று தீர்ப்பு சொன்னார். மஞ்சள் தடவிய வெற்றிலை ஒன்றையும் இடது கைக்கு அடியில் வைத்தார். அந்தப் பெண் கையுறையை மாற்றினாள். என் பெயரை என் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்டாள். பட்டை கட்டினாள், துடைத்தாள், காயவிட்டாள், குத்தினாள், உடனே பட்டையை அவிழ்த்தாள். வலது கையின் விரல்கள் இடது முழங்கையைத் தொட்டுக்கொண்டிருக்க, சுள்ளென்ற வலிகூடத் தெரியவில்லை. வெளியே பூசணிக்காய் உடைத்தார்கள்.

"கையை மடக்கிக்குங்க" என்றார் முதலாளி.

"மடக்க வேணாம்மா, நேரா நீட்டிப் பஞ்சை அழுத்திப் புடிங்க" என்றாள் அவள். இந்த முறை அவரைப் பார்க்காமலேயே சொன்னாள்.

மருமகளுக்கு ஷிப்டு முடிவதற்குள்ளேயே போனில் செய்தி போய்விட்டது. ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று திட்டுவாள் என்று பயந்தேன். "கட்ட உட்டுட்டு உக்காந்துருந்தீங்களா அத்தே? மொதல்லயே கத்தறதுக்கு என்னா?" என்று அதற்குத் திட்டினாள். இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் நூலை வைத்து இரண்டு கையையும் அளந்து பார்த்தாள். வீக்கம் இல்லை. என் ரிப்போர்ட் வந்தது. பெயர் என்ற இடத்தில் லாபம் என்றும் அடைப்புக்குள் என் பெயரும் அச்சடித்திருந்தார்கள். சுகர் கூடுதலாக இருந்தது. அது கேசரியின் சுகர்.

தெருப் பெண்கள் என்னிடம் சிலநாள் கர்ப்பப்பையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அப்புறம் மாவு மில்லில் வரிசையில் நின்றபோது ஒருத்தி, முகத்தை மாவைப் பார்த்து வைத்துக்கொண்டு, "உங்களுக்கு மொதல்ல எப்பிடிங்க்கா தெரிஞ்சுது? வலிச்சுதா?" என்று கேட்டாள். வலிக்கவில்லை, அதனால்தான் தாமதமானது என்று சொன்னேன். மில் ஓடிக்கொண்டிருந்ததால் இருவருமே சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

லேப் வாசலில் இப்போது பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கை நீட்டிக்கொண்டிருக்கும் படம். முதல் நாள் பார்த்தபோது என்னவோ போல இருந்தது. என் மூக்குத்தி இடம் மாறியிருந்தது. முந்தானை வலது தோளில் கிடந்தது. பிறகுதான் புரிந்தது: இடது கைப் போட்டோவைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டு, வலது கையாக்கிவிட்டார்கள். முதலாளியின் அம்மா திருப்தியாக, "பாத்தீங்களா, அம்சமா வலது கை!" என்றார்.

நான் படத்தை நிதானமாகப் பார்த்தேன். எல்லாமே திருப்பி இருந்ததால், அந்தப் படத்தில் இருப்பவளுக்கு எடுத்திருப்பது இடது மார்பு. ஊசி குத்தியிருப்பது வலது கை. அவளுக்கும் சரியான கையில்தான் எடுத்திருக்கிறார்கள்.

"ஆமாங்கம்மா, சரியாத்தான் இருக்குது" என்றேன்.