இருநூற்றுப் பதினேழு செடி

என் மருமகள் போலீஸ் வேலைக்காக ஓடிப் பழகிய நாலு மாதமும் நானும் அவள் பின்னாலேயே ஓடினேன். இடுப்பில் அவளுடைய ஒன்பது மாதக் குழந்தை. எனக்கு அப்போது அறுபத்தொன்றோ இரண்டோ. ஓடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. குழந்தைதான் ஓட வைத்தது.

என் மகன் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறியவன், விழுந்து போய்விட்டான். மருமகள் அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். அதற்கு மேல் அதை எழுத எனக்கு வரவில்லை. மலைக்குக் கீழே குப்பனூரில் அவள் அம்மா வீட்டில் பிள்ளை பெற்று, மூன்றாம் மாதம் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். பன்னிரண்டாவது வரை படித்தவள். என்னோடு காப்பி பறிக்க வருவாள். கை பறிக்கும், மனசு அங்கே இருக்காது. போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனில் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்.

"புருசன் இல்லாதவங்களுக்கு வயசுல சலுகை இருக்குதுங்க அத்தை. எனக்கு இந்த ஒரு தடவைதானுங்க. அடுத்த தடவைக்கு வயசு தாண்டிரும்."

"எழுது கண்ணு" என்றேன்.

எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். அடுத்தது ஓட்டம். நானூறு மீட்டரை அவர்கள் வைத்த நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கூட ஓடாதவள். முதல் நாள் என் மகனுடைய பேன்ட்டைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் எஸ்டேட் ரோட்டில் இறங்கினாள். ஐம்பது அடி போவதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மலையில் ஏறி இறங்கின காலுக்கு நடைதான் தெரியும். ஓட்டத்துக்கு மூச்சு வேறு மாதிரி வேண்டும்போல.

தூரம் அளக்க வேண்டுமே. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கேட்டதற்கு, "ஆயிரத்து முன்னூறு அடின்னு வெச்சுக்கங்க" என்றார். ஆபீசில் டேப் இருந்தது. அதைக் கேட்டு வாங்க எனக்குக் கூச்சம். நாற்பது வருசமாக அந்த ஆபீஸ் படியில் சம்பளத்துக்குத் தவிர ஏறியதில்லை. ரோட்டோரமாகவே ஒரு வரிசை காப்பிச் செடி போகிறது. ஆறடிக்கு ஒரு செடி. செடியை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். அவள் போனில் வகுத்துப் பார்த்து இருநூற்றுப் பதினேழு செடி என்றாள். இரண்டு பேருமாக எண்ணிக்கொண்டே போய், கடைசிச் செடியில் ஒரு சிவப்புத் துணி கட்டினோம். எங்களுக்கு அளவு என்றால் செடிதான். செடி பொய் சொல்லும் என்று யாருக்குத் தோன்றும்?

விடியற்காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் முன்னால் ஓடுவாள். நான் குழந்தையை வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பேன். அம்மா வளைவில் மறைந்தாளோ இல்லையோ, குழந்தை வீறிடும். அது காதில் விழுந்ததும் அவளுக்குப் பால் சுரந்து சட்டை நனையும். பாதியிலேயே திரும்பி ஓடி வந்துவிடுவாள். ஒரு வாரம் இப்படியே போனது. எட்டாம் நாள் நான் பழைய சேலையில் குழந்தையை இடுப்போடு கட்டிக்கொண்டு, அம்மா முதுகு குழந்தைக்குத் தெரிகிற மாதிரி பின்னாலேயே நடந்தேன். நடை போதவில்லை. சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஓடியதாக ஞாபகம் இல்லை. பொம்பளை ஓடினால் வீட்டில் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று அர்த்தம். என் மகன் விழுந்த அன்றைக்குக் கூட நான் ஓடவில்லை.

பேர் கொடுக்கப் போகிற பெண்கள் எங்களைப் பார்த்து நின்றுவிடுவார்கள்.

"ஏனுங்க பெரீம்மா, மாமியா மருமவ ரெண்டு பேருத்துக்கும் காக்கிச் சட்டைங்களா?"

"பாப்பாவ உட்டுட்டயே! மூணு சட்டை தைக்கோணும்."

"பெரீம்மா தொரத்துனா திருடன் நின்னுக்குவான். ஐயோ பாவம், கெழவி உளுந்துருவாளேன்னு நின்னுக்குவான்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. ஆனால் நான் ஓடும்போது குழந்தை சிரித்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு சிரிப்பு. நான் நின்றால் நிற்கும், ஓடினால் மறுபடி சிரிக்கும். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதைக் கேட்பதற்காகவே மூச்சு முட்ட முட்ட ஓடினேன். மருமகள் திரும்பிப் பார்த்து, "மெதுவாங்க அத்தை, நீங்க என்னைய முந்திருவீங்க" என்பாள். அவளும் சிரிப்பாள்.

மூன்றாம் மாதம் சிவப்புத் துணியை நேரத்துக்குள் தொட்டுவிட்டாள். அப்புறம் தினமும் தொட்டாள், நேரம் மிச்சம் வைத்துக்கொண்டு. அன்று ஒரு நாள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"கிடைச்சதுன்னா ட்ரெய்னிங் முடியற மட்டுக்கும் பாப்பா குப்பனூர்ல எங்கம்மாகிட்ட இருக்கட்டுமுங்க. அப்பறம் குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க. அம்மாவையும் பாப்பாவையும் கூட்டிக்குவனுங்க."

"அது நல்லது சாமி" என்றேன். அதில் நான் எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. அவள் அம்மா என்னைவிட ஆறேழு வயசு சின்னவள், திடமானவள். மருமகள் சொன்னதில் தப்பே இல்லை.

ஓட்டப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும். அவள் ஓடுகிற ரோட்டின் கீழ்ப்பாதியில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குக் கை நீட்டியபோது, கை சீக்கிரமே எட்டிவிட்டது. அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பாதியில் பழைய செடிகளைத் தண்டுப்புழு தின்றுவிட்டது. அதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குட்டை ரகம் நட்டோம். குட்டை ரகத்துக்கு ஐந்தடி போதும். நடும்போது ஐந்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவளே நான்தான். அப்படியிருந்தும் மறந்திருந்தேன்.

சிவப்புத் துணி வரை எண்ணிப் பார்த்தேன். நூற்றியெட்டுச் செடி. செடிக்கு ஓரடி குறைவு. நூற்றியெட்டு அடி. ஐந்தாவது வரை படித்தவளுக்கு அந்தக் கணக்குப் போதும்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். குழந்தை என்னைக் கண்டதும் தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொண்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் அவள், "இன்னிக்கு இன்னும் சீக்கிரமுங்க அத்தை" என்று துள்ளிக்கொண்டு வந்தாள். அப்படித் துள்ளுகிறவளிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தேன். மூன்று வாரமும் இப்படி ஒவ்வொன்றாகக் காரணம் கிடைத்தது. கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கூச்சம் இல்லை.

சேலத்துக்கு முதல் பஸ்ஸில் போனோம். மைதானத்துக்குள் எங்களை விடவில்லை. வெளிக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் குழந்தையோடு நின்றேன். வெயில் காலையிலேயே சுட்டது. உள்ளே விசில் ஊதும்போதெல்லாம் இது அவளுடையதோ என்று நினைத்தேன். ஜெயித்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியவள். எங்கள் மலைச்சாமி சேர்வராயனைக் கூப்பிட்டேன், ஆனால் என்ன கேட்டேன் என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்தவள் என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். மரத்தடியில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் பேசினாள்.

"நல்லாத்தானுங்க ஓடுனேன். மூணாவதா வந்துட்டிருந்தேன். நம்ம செவப்புத் துணி இருக்கற எடம் வந்துச்சுன்னு ஒடம்பு நின்னுக்கிச்சுங்க. அதுக்கப்பறமும் மைதானம் இருந்துச்சுங்க அத்தை. கொஞ்ச நேரந்தான் தப்பிப்போச்சு. எண்ணி ஆறே நொடி."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: "உங்களையும் இந்த வயசுல வீணா ஓட வெச்சுட்டனுங்க."

பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வரும் வரை அவள் தோளில் என் தோள் இடித்துக்கொண்டே இருந்தது. சொல்லவில்லை.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. நாலு வருசம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் காப்பி பறித்தாள், மிளகு காயப்போட்டாள். குழந்தை என் பக்கத்தில் படுத்து வளர்ந்தது. பேசக் கற்றுக்கொண்டதும் முதலில் அப்பத்தா என்று என்னைத்தான் கூப்பிட்டது. அந்த நாலு வருசத்தில் ஒரு நாள் கூட அவள் ஓட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்த ரோட்டிலும் அவள் நடக்க மாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள்.

போன வருசம் பால்வாடியில் விளையாட்டு விழா. அம்மாமார்களுக்கும் ஓட்டப் பந்தயம் வைத்தார்களாம். குழந்தை ஓடி வந்து, "நீயும் ஓடும்மா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தது.

"அம்மாவுக்கு ஓட்டம் வராது சாமி. அம்மா ஒடம்பு அப்பிடி" என்றாள்.

அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. மறுநாள் காப்பிக் காட்டில், இரண்டு பேரும் எதிரெதிர்ச் செடியில் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அவள் கை நின்றது.

"எத்தனை அடிங்க?"

"நூத்தியெட்டு கண்ணு."

"எப்பத் தெரியுமுங்க?"

"மூணு வாரம் இருக்கறப்ப."

"பாப்பாவுக்காகங்களா?"

தலையை ஆட்டினேன். அவள் அழுதிருந்தால் தேவலாம். என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் இன்னும் தேவலாம். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, அந்தச் செடியை முடித்து அடுத்த செடிக்குப் போனாள்.

ஒரு மாதம் கழித்துக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு குப்பனூருக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ஏதோ ஒரு துணிக் கம்பெனிக்கு வேன் வருகிறதாம். கிளம்புகிற அன்றைக்கு எல்லாக் குடத்திலும் தண்ணீர் பிடித்து வைத்தாள். "பிரசர் மாத்திரைய மறந்துராதீங்க" என்றாள். சண்டை என்று வெளியே யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "சாப்டீங்களா அத்தை?" என்பாள். "சாப்டேன் கண்ணு" என்பேன். அப்புறம் போனைக் குழந்தையிடம் கொடுத்துவிடுவாள். போன வாரம் குழந்தை கேட்டது:

"அப்பத்தா, நாங்க ஏன் உங்க ஊட்டுக்கு வர்றதில்லைன்னு அம்மாவக் கேட்டேன். மலையில மழையாம். நொம்ப மழைங்களா?"

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மஞ்சக்குட்டை ஊர்ப் பக்கம் வரை வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. காயப்போட்டிருந்த மிளகு சுட்டது.

"ஆமா சாமி" என்றேன். "நொம்ப மழை."