நாலு விரல் கனம்

புத்தூரில் பருத்தித்துறை வீதியோரம் ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு பட்டறைகள். ஒன்றில் நான் கதவு, யன்னல் செய்கிறேன். மற்றதில் சிவரூபன் கடைசல் வேலை செய்கிறான்: கட்டில் கால், தொட்டில் கால், படிக்கட்டுக் கைபிடித் தூண். நடுவில் இடுப்பளவுச் சுவர். அதற்கு மேலால் கதைத்துக் கதைத்தே பதினாறு வருடம் போய்விட்டது. என்னைவிட நாலு வயது இளையவன், வாய் மட்டும் என்னைவிட மூத்தது. சலரோகத்துக்கு, அந்தச் சீனி வருத்தத்துக்கு, எடுக்கும் குளிசையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தேத்தண்ணிக்கு இன்னொரு கரண்டி சீனி கேட்பான்.

கடைசல்காரனுக்குக் கதிரை கிடையாது. உளியின் பிடியை இடுப்போடு அணைத்து, சுழலும் மரத்தோடு உடம்பையே நகர்த்த வேண்டும். காலை ஏழரைக்கு ஏறினால் பின்னேரம் ஐந்து மணிவரை நிற்புத்தான். மெசினுக்கு மேலே சரஸ்வதி படம் தொங்குவதால் அவன் அதன் முன்னால் செருப்புப் போட மாட்டான். வெறுங்காலும் சீமெந்துத் தரையும் சேர்ந்து அவன் குதிக்காலைப் பதம் பார்த்தன. சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டிப் பார்த்தான். வீட்டு மெத்தையைத் தூக்கி வந்து மனைவி ஜெயனியிடம் வாங்கிக் கட்டினான். கடைசியில் கீழே தும்புச் சாக்கு விரித்து, அதன்மேல் வேம்புச் சீவலை நாலு விரல் கனத்துக்குப் பரப்பினான்.

முதல் மாதம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நாளுக்கு நாள் முகம் தெளிந்தது.

"பஞ்சில நிக்கிற மாதிரிக் கிடக்கு, சுரேஸ் அண்ணை. நோ எண்ட பேச்சே இல்லை."

வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இதே புளுகு. எனக்கும் முழங்கால் வலி, ஆசை விடுமா? அவனிடமே சீவல் வாங்கி, அதே கனத்தில் என் பக்கத்திலும் போட்டேன். ஒரு கிழமை நின்றேன். காலில் குத்தியது, குதி வலித்தது, பஞ்சு வரவில்லை.

"உதுக்குள்ளை வேறை என்னத்தைப் போட்டனி?" என்றேன்.

"ஒண்டுமில்லை அண்ணை."

"பொய் சொல்லாதை. எனக்குக் குத்துது."

"உங்கடை கால் அப்பிடி," என்று சிரித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருடப் பழக்கத்தில் ஒரு தளத்தின் சூட்சுமத்தை ஒளிக்கிறானே என்று மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள் அவன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனதும் சுவரைத் தாண்டிப் போய், முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் அந்தச் சீவலைக் கிளறினேன். சாக்கு. அதன் கீழே சீமெந்து. வேறு ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் பழையபடி பரப்பிவிட்டு வந்தேன்.

ஐந்து நாள் கழித்து ஜெயனி சாப்பாடு கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மெசினிலிருந்து தண்ணீர்க் குடம்வரை சீமெந்தில் சிவப்பாகக் காலடிகள்.

"வார்னிசு கொட்டிப்போட்டுதோ?" என்று கேட்டான் சிவரூபன், வேலையை நிறுத்தாமல்.

அவனை இருத்திக் காலைத் தூக்கினோம். வலது பாதத்தில், சின்ன விரலுக்குக் கீழே, ஒரு கறுப்புத் திருகாணி தலைவரை ஏறியிருந்தது. சுற்றிவரச் சீழ். எத்தனை நாளாக அதன்மேல் நின்றானோ தெரியாது. கறுப்புத் திருகாணி அவன் பட்டறையில் இல்லை. என் சட்டைப் பையில்தான் எப்போதும் ஒரு பிடி கிடக்கும். என் கை தானாகப் பையைத் தொட்டது. அன்று குனிந்து கிளறியபோது சிந்தியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருத்தி காயத்தைச் சுற்றி அமத்திப் பார்த்தாள்.

"நோகுதோ?"

"இல்லை," என்றான் பெருமையாக. அவள் முகம் இருண்டது.

"கால் எப்பிடி இருக்கும் உங்களுக்கு?"

"பஞ்சில நிக்கிற மாதிரி. அது நான் போட்ட தளம், டொக்டர்."

"வீட்டிலை, சீமெந்திலை நிக்கேக்கை?"

அவன் யோசித்தான். "அங்கையும் அப்பிடித்தான்," என்றான், குரல் இறங்கி.

தளம் மெத்தென்று ஆகவில்லை, சலரோகத்தில் காலின் உணர்ச்சிதான் செத்துக்கொண்டு வந்திருக்கிறது. அவள் பேனையை எடுத்து, கணுக்காலுக்கு மேலே, சிவப்பு முடிகிற இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, ஒரு வளையம் போட்டாள். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் காலை எடுக்க வேண்டி வரலாம் என்றாள்.

கோடு என்றால் என்ன என்று கடைசல்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பென்சில் கோட்டில் உளி நிற்காவிட்டால் மரம் விறகு. இரண்டு நாள் அவன் அந்தக் கோட்டிலிருந்து கண் எடுக்கவில்லை. முதல் நாள் பின்னேரம் சிவப்பு கோட்டைத் தொட்டது. நான் கட்டிலருகில் நின்றேன்.

"ஆணி என்ரை, சிவரூபன்," என்றேன். "உன்ரை சீவலைக் கிளறினது நான்தான்."

அவன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயனி எழுந்து வெளியே போனாள்.

"நீங்கள் அண்டைக்கே குத்துது எண்டு சொன்னியள்," என்றான். "நான்தான் சிரிச்சனான்."

இரண்டாம் நாள் மத்தியானம் சிவப்பு ஒரு நூல் கீழே இறங்கியது. கால் தப்பியது, சின்ன விரல் போனது.

இப்போது அங்கே சீவல் இல்லை. மாட்டுக்கொட்டிலுக்குப் போடும் தடித்த றப்பர் பாய் ஒன்று கிடக்கிறது. மூடின சப்பாத்து ஒரு சோடி, வீதியில் போடாமல், பட்டறைக்கென்றே வைத்திருக்கிறான். விஜயதசமிக்கு உளிகளோடு அதையும் படத்தின் முன்னால் வைத்து ஜெயனி சந்தனப் பொட்டு வைத்தாள். என்னோடு அவள் இன்னும் முழுதாகக் கதைப்பதில்லை.

தினமும் ஏழரைக்குச் சுவருக்கு மேலால் அவன் குரல் வரும்.

"அண்ணை, ஒருக்கா வந்து மிதிச்சுப் பாருங்கோ."

நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவேன். பாயின்மேல் மூலைக்கு மூலை மிதிப்பேன். பிறகு அவன் சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவுவேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

"குத்துதோ?"

"இல்லை. ஏறு," என்பேன்.