மகாராணியின் வம்சம்

குஞ்சுக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் ஒருவரைத்தான் குறிக்கும். மீன்குஞ்சு பொரித்து விற்பவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்களுக்குப் பட்டப்பேர் வைக்க யாருக்கும் நேரமில்லை. இவருடைய குஞ்சைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள். எல்லாரும் அப்படியேதான் வாங்கினார்கள்.

அந்தப் பேரைச் சம்பாதித்துக் கொடுத்தவள் மகாராணி. ஆற்றில் அணை கட்டுவதற்கு முன்னால், ஓர் ஆண்மீனோடு சேர்ந்து அவர் வலையில் விழுந்த கெண்டை. மடியில் கிடத்தினால் தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் தொங்கும். அணை வந்தபின் ஆற்றில் அந்த இனமே அற்றுப்போனது. குஞ்சுக்காரர் அவள் பிள்ளைகளில் பெரிதுபெரிதாய்ப் பொறுக்கி, அவற்றையே ஜோடி சேர்த்தார். முதலில் ஒவ்வொரு ஈட்டுக் குஞ்சும் முந்தியதைவிட வேகமாக வளர்ந்தது. வெளி மீன் ஒன்றுகூடத் தம் தொட்டிக்குள் வரக் கூடாது, நோய் ஒட்டிக்கொள்ளும் என்பார். அதில் பாதி உண்மை, பாதி திமிர்.

"அண்ணனுக்கும் தங்கச்சிக்குமே முடிச்சுப் போடுறீங்களே, அடுக்குமா?" என்று கேட்டாள் மனைவி.

"மீனுக்கு ஏதுடி உறவுமுறை?"

இந்தப் பதில் அவருக்கே மிகவும் பிடித்துப்போய், குஞ்சு வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பிறகு வால் கோணிய குஞ்சுகள் தலைகாட்டின. செவுள்மூடி இல்லாதவையும் வந்தன. ஆள் வருவதற்குள் அவற்றை அரித்து எறிந்துவிட்டு, கழிசல் எங்கேதான் இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். மீன் வளரவில்லை என்று வந்தவர்களைப் பார்த்து, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வாயை அடைத்தார்.

மைத்துனனிடம் மட்டும் அது பலிக்கவில்லை. கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவனை வேலையை விடச்சொல்லிக் குளம் வெட்ட வைத்ததே இவர்தான். அவன் தீனி போட்டதை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். வருஷம் முடிந்தும் மீன் உள்ளங்கைக்கு மேல் போகவில்லை.

"நான் எதுல குறை வச்சேன்னு நீங்களே சொல்லுங்க மாமா," என்றான் அவன். "இன்னொரு தடவை உங்க குஞ்சையே விடுறேன். அதுவும் இப்படின்னா குளத்தை மூடிட்டு எங்கயாவது கூலிக்குப் போறேன்."

மறுநாள் குஞ்சுக்காரர் தாமே மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் அதிகாரி மீனை அறுத்துப் பார்த்து, ஜோடி சேர்த்த விதத்தையும் கேட்டுவிட்டு, தீனியிலும் தண்ணீரிலும் குற்றமில்லை, ரத்தம் நெருங்கிவிட்டது, வளர்ச்சியும் அதோடு போய்விட்டது என்றார். உறவில்லாத ஓர் ஆண்மீன் வேண்டும். வேறு இனம் விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கத்து உப்புத் தண்ணீரில் மீன் தேறவில்லை. சுற்றிலும் இருந்த குளங்களில் கிடப்பதெல்லாம் இவர் கொடுத்ததுதான். இந்தக் கெண்டையை வளர்க்கும் பண்ணைகளில், தமக்குத் தெரிந்து இவர் குஞ்சு கொடுக்காதது ஒன்றே ஒன்று பாக்கி, ஒரு நாள் பஸ் தூரத்தில்.

மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் போனார். பண்ணைக்காரர் இவர் யாரென்று தெரிந்ததும் பதறி எழுந்து நாற்காலி போட்டார். வலையை இழுத்து, இருப்பதிலேயே நல்ல ஆணைப் பிடித்துக் கொடுத்தார். ஆக்சிஜன் பையைக் கட்டும்போதுதான் குஞ்சுக்காரர் அது எந்த ஆற்று வித்து என்று கேட்டார்.

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க? எங்க அப்பா ஆள் வச்சு உங்ககிட்ட வாங்கினதுதான். வெளி மீனை இன்னிக்கு வரைக்கும் உள்ள விட்டதில்லைங்க. எல்லாம் நீங்க காட்டின வழி."

அவர் கும்பிட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் மைத்துனன் நின்றிருந்தான். வெளி ஆண் கிடைத்ததா என்று ஓடிவந்து பையை வாங்கினான்.

"இதுவும் நம்ம வீட்டுப் பிள்ளைதான்," என்றார் குஞ்சுக்காரர். "குளத்தை மூடிடுப்பா."

மனைவியும் அதைக் கேட்டபடிதான் நின்றாள். பழைய அண்ணன் தங்கச்சிப் பேச்சை அவள் எடுக்கவில்லை. மைத்துனன் பையை அவிழ்த்துத் தொட்டியில் கவிழ்த்தான். மீன் போய் மற்றவற்றோடு கலந்துகொண்டது. கொண்டுவந்தது எது என்று பிறகு அவருக்கே தெரியவில்லை.