உம்மு குல்சும் தெரிந்தெடுத்த விளக்கு

வீட்டுக்கு ஒரு விளக்கு வாங்குவது அப்படி என்ன பெரிய காரியம் என்று நீங்கள் கேட்கலாம். கிண்ணியா உம்மு குல்சுமிடம் அதைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு விளக்குக்காக அந்த மனுசி மூன்று தடவை தோணி ஏறி, பஸ் பிடித்து, திருக்கோணமலைக் கடைத்தெருவுக்குப் போய்வந்தாள்.

நெல் அவித்துக் குத்தி விற்றுப் பிழைத்த விதவை அவள். ஒரே மகள் றம்லா. எங்கள் பக்கத்தில் பெண்ணை வீட்டோடுதான் கட்டிக்கொடுப்பது. மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். பெற்றவள் பின்னாலுள்ள குசினியில் அடுப்படியோடு ஒதுங்கிக்கொள்வாள். அதனால் பெண் பார்க்க வருகிற பெண்டுகள் கூரையையும் சுவரையும் பார்த்த பிறகுதான் பெண்ணைப் பார்ப்பார்கள். குல்சும் எப்படியோ ஓடு போட்டு, சுண்ணாம்பு அடித்து வீட்டை முடித்துவிட்டாள். குறை றம்லாவின் இடது கன்னத்தில் இருந்தது. ஆறு வயதில் வந்த வைசூரி அங்கே குழிகுழியாகத் தழும்பு வைத்துவிட்டுப் போயிருந்தது. நாலு சம்பந்தம் வந்து, பலகாரம் தின்று, வெற்றிலை போட்டு, வந்த வழியே போய்விட்டன. அறுபத்தாறாம் ஆண்டு றம்லாவுக்கு இருபத்தெட்டு வயது.

ஐந்தாவது சம்பந்தம் மூதூரிலிருந்து வந்தது. மாப்பிள்ளை அபூதாஹிர், புல்மோட்டை மணல் ஆலையில் வேலை. கிண்ணியாக் கதை மூதூருக்குப் போய்ச் சேர்வதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டுமென்று குல்சும் கணக்குப் போட்டாள்.

வெள்ளைக்காரனுடைய கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது விற்றுத் தள்ளிய சாமான்கள் கதிரவேலுவின் பழைய சாமான் கடையில் அப்போதும் கிடந்தன. குல்சும் அவரைக் கடையின் பின்னறைக்கு வரச்சொல்லி, கதவைச் சாத்தி இருட்டாக்கி, ஒவ்வொரு விளக்காகக் கொளுத்தச் சொன்னாள். அவருடைய தாடையில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு உண்டு. பாவம், அவருக்கு எதுவும் விளங்கவில்லை.

“ராத்தா, நீங்க விளக்கப் பாக்கிறீங்களா, என்னைப் பாக்கிறீங்களா?”

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க தம்பி.”

பெற்றோமக்ஸ் கொளுத்தினால் தாடைத் தழும்பில் போட்ட தையலைக்கூட எண்ணலாம். அரிக்கன் லாம்பைக் கீழே வைத்தால் தழும்பு இன்னும் ஆழமாகத் தெரிந்தது. கடைசியாக, பால்போல் வெளுத்த கண்ணாடி மூடி போட்ட தொங்குவிளக்கு ஒன்றைக் கொளுத்தினார். வெளிச்சம் மேலிருந்து மெல்லப் பரவியது. கதிரவேலுவுக்குப் பத்து வயது குறைந்தது, தழும்பையும் காணவில்லை. அதைத்தான் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அதைக் கூரை வளையில் கட்டி, அவிழ்த்து, ஒரு சாண் தள்ளிக் கட்டி, கீழே கதிரையைப் போட்டு மகளை இருத்திப் பார்த்தாள். றம்லா இருந்தபடியே சொன்னாள்:

“உம்மா, பகல்ல வரச் சொல்லுங்க. பாக்கிறவங்க பாத்துட்டு, வேணாமெண்டா போகட்டும்.”

“நீ வாயப் பொத்திக்கிட்டு இரி புள்ள. நாலு பேர் பாத்துட்டுப் போனது காணாதா?”

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். குல்சும் ஒரு பொய்யும் சொல்லவில்லை, விளக்கை மட்டும் கொளுத்தினாள். பொழுது பட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு வந்த மாப்பிள்ளையின் தாய் ஸல்ஹா, கூரையையும் சுவரையும் பார்த்து, றம்லாவையும் பார்த்து, “முகத்தில நல்ல ஒளி இருக்கு” என்று சொல்லிப் போனாள். மாதம் திரும்புமுன் கல்யாணம் முடிந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏலுமா? குல்சும் மறைக்கப் பார்த்தாள். புதுப்பெண்ணுக்குக் காற்று ஆகாது என்று சொல்லி ஏழு நாள் ஜன்னல்களைத் திறக்கவிடவில்லை. பட்டப்பகலில் தொங்குவிளக்கு எரிந்தது. கணவனிடம் சொல்லிவிடட்டுமா என்று றம்லா இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் தாய் அவளைச் சத்தியம் பண்ண வைத்தாள்.

எட்டாம் நாள் காலையில் அபூதாஹிர் தானே எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெயில் உள்ளே விழுந்தது. றம்லா முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடினாள். குல்சும் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

“முதல்நாள் காலமையே கிணத்தடியில கண்டிட்டன் மாமி,” என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம். “தழும்பு எனக்கு ஒண்டுமில்ல. என்ட தங்கச்சிக்கும் வைசூரி வந்ததுதான். ஆராவது வாய் துறந்து சொல்லுவீங்க எண்டு ஏழு நாள் பாத்திருந்தன். பகல்ல விளக்கு எரியிற வீட்டில இன்னும் என்னத்த மறைச்சிருக்கீங்களோ எண்டு யோசிச்சு யோசிச்சு எனக்கு இருக்க ஏலாது.”

குல்சும் அழுதாள், கையைப் பிடித்தாள், மகள் மேல் குற்றமில்லை என்று சத்தியம் பண்ணினாள். அவளுடைய சத்தியத்தை அந்த வீட்டில் இனி யார் நம்புவார்கள்? அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு துறையடிக்குப் போய்விட்டார்.

“பெருநாளைக்கு வந்திடுவார் புள்ள,” என்றாள் தாய்.

றம்லா அப்போதுதான் முகத்திலிருந்து முந்தானையை எடுத்தாள்.

“அவருக்கு என்ட முகம் போதும் உம்மா. உங்கட பயத்தோடதான் அவருக்கு இருக்க ஏலாமப் போச்சு.”

பெருநாள் வந்தது, அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதம் மூதூரிலிருந்து தலாக் வந்தது. நல்ல மனுசன், ஒரு குறையும் சொல்லாமல் அனுப்பியிருந்தார். குறை சொல்லியிருந்தால் குல்சும் அவரைத் திட்டித் தீர்த்தாவது கொஞ்சம் ஆறியிருப்பாள். எழுபத்தொன்பதாம் ஆண்டு சாகும்வரை யாரைத் திட்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. றம்லா தாயைக் குறைவில்லாமல் பார்த்தாள், கஞ்சி ஊட்டினாள், கடைசியில் கால் பிடித்துவிட்டாள். ஆனால் அந்தப் பதின்மூன்று வருசமும் தாயோடு கதைக்கும்போதெல்லாம் இடது கன்னத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே கதைத்தாள்.